ஒரு தாவலில் தெரியுமா திறன்?

1985இல் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியும் நம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஆகவே, பிள்ளைகளை விளையாட்டுத் தேர்வுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அங்கே குறிக்கப்படும் ஓர் எண், பிள்ளையின் வழியையே மாற்றிவிடலாம். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

முதலில் வலிமை வேறு, திறன் வேறு. ஒருவரால் எவ்வளவு பளு தூக்க முடியும் என்பது வலிமை. அதை எவ்வளவு விரைவாகச் செய்கிறார் என்பதும் சேர்ந்தால் திறன். ஒரே எடையுள்ள மூட்டையை இருவர் லாரியில் ஏற்றினால் வேலை ஒன்றே. இரண்டு விநாடியில் ஏற்றியவரைவிட ஒரு விநாடியில் ஏற்றியவருக்குத் திறன் இருமடங்கு.

கால்களின் திறனை அறிய எளிய வழி, நின்ற இடத்திலிருந்து மேலே தாவுவது. அமெரிக்கரான சார்ஜென்ட் 1921இல் இதை எழுதி வெளியிட்டார். நின்றபடி கை எட்டும் உயரத்தைச் சுவரில் குறிக்க வேண்டும்; பின் தாவித் தொட்ட உயரத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். முதலில் கையை முழுதாக நீட்டாத பிள்ளைக்கு, உழைக்காமலே சில சென்டிமீட்டர் கூடிவிடும்!

கருவிகளும் ஏமாறும். சில கருவிகள் கால் தரையில் படாத நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடும். 0.50 விநாடி என்றால் சுமார் 31 செ.மீ.; 0.55 விநாடி என்றால் 37 செ.மீ. இறங்கும்போது முழங்காலை மடக்கி 0.05 விநாடி தாமதித்தாலே 6 செ.மீ. இனாம்.

சாலைக் கடைத்தெருவில் தராசின் வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதானே சரக்கை நிறுப்போம்? இங்கும் அப்படித்தான். முன்கூட்டியே பழகிய தாவல், ஒரே வேளை, ஒரே காலணி, ஒரே மாதிரியான உடல் சூடேற்றல், இடையே ஓய்வு ஆகியவை வேண்டும். மூன்று முயற்சிகளில் சிறந்ததைக் கொள்வதா, சராசரியையா என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஓரிரு நாள் கழித்து மறுபடி அளந்தால், இயல்பான ஏற்ற இறக்கம் தெரியும்.

ஒரு பெண் 38, 41, 39 செ.மீ. தாவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் 41 தாவினால் அது முன்னேற்றமல்ல. 38 தாவினால் பின்னடைவும் அல்ல. அந்த ஊசலாட்டத்தைத் தாண்டிய மாற்றமே உண்மையான மாற்றம்.

பெற்றோரே, தேதியும் நேரமும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நாள் தாவலை வைத்துக் குழந்தையைப் புகழவும் வேண்டாம், கடியவும் வேண்டாம்.