பனியனின் வெண்மையும் கண்ணுக்குத் தெரியாத ஒளியும்

நம் ஊர்ப் பனியனுக்கு அந்தக் கண்ணைப் பறிக்கும் வெண்மை எங்கிருந்து வருகிறது? பிளீச்சிங் செய்த பின்னும் பருத்தித் துணியில் இலேசான மஞ்சள் எஞ்சி நிற்கும். அதனால் வெண்மையூட்டும் இரசாயனம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். வீடுகளில் டினோபால் என்று அறியப்பட்டது இந்த வகைதான். அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. நீலம் மஞ்சளை மறைக்க, துணி பளிச்சிடுகிறது. காண முடியாத ஒளியின் வேலையை நாம் தினமும் உடுத்திக்கொண்டிருக்கிறோம்!

இக்கதிரை 1801-இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்த சூரிய ஒளியில் சில்வர் குளோரைடு பூசிய தாளை வைத்தார். ஊதா நிறத்துக்கும் அப்பால், ஒளியே தெரியாத இடத்தில், தாள் மிக விரைவாகக் கறுத்தது.

புற ஊதாக் கதிரில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. மிகக் கொடிய 'சி' வகையை வளிமண்டலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. 'பி' வகையின் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுக்கிறது. அந்தப் படலத்தை அரிக்கும் வாயுக்களைக் குறைக்கவே 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. தப்பி வரும் 'பி' தோலை எரித்து, உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. புற்றுநோய்க்கு வித்திடுவது இதுவே. 'ஏ' ஆழமாகப் புகுந்து தோலைச் சுருக்குகிறது.

திருப்பூர் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கருவி ஏதும் வேண்டாம்; உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அறியலாம்.

"நமக்கென்ன, கறுத்த தோல்தானே?" என்பார் உண்டு. அதில் பாதி உண்மை. நம் தோலிலுள்ள மெலனின் நல்ல குடை. வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் கண்ணின் வில்லைக்கு அந்தக் குடை கிடையாது. விழித்திரையைக் காக்க அதுவே கதிரைத் தாங்கிக்கொள்கிறது. பல்லாண்டுகள் தாங்கியபின் அதன் புரதம் திரிந்து மங்குகிறது. அதுதான் கண்புரை. முதுமை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியனவும் காரணங்களே. எனினும் கண்புரையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெயிலால் நேரலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெரும்பணி இந்தப் புரையை அகற்றுவதே. தோட்டத்திலும் கட்டடத்திலும் வெயிலில் உழைப்பவர்களுக்கு வெள்ளைவிழியில் சதை வளர்வதற்கும் இக்கதிர் முக்கியக் காரணம்.

வெயில் மட்டுமல்ல. தெருவோரப் பட்டறையில் வெல்டிங் செய்வதை வேடிக்கை பார்த்தால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். அதுவும் புற ஊதாக் கதிரின் வேலைதான்.

இனி நம் துணிக்கு வருவோம். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியன் இக்கதிரில் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகம். உடலோடு இழுத்துப் பிடித்தால் கண்ணிகள் விரிந்து மேலும் அதிகம். ஜி.எஸ்.எம். கூடிய, நெருக்கமாகப் பின்னிய, அடர்நிறத் துணியே நன்கு காக்கும். வெண்மையூட்டியும் கதிரை உறிஞ்சுவதால் சிறிது உதவும். தாத்தாவின் கறுப்புக் குடையைப் பரிகசிக்கும் தோழியர் கவனிக்க! புற ஊதாவைத் தடுக்காத மலிவான கறுப்புக் கண்ணாடியோ பகையாகலாம். இருட்டில் பாவை விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

இவ்வளவு சொன்னதால் வெயிலே ஆகாது என்று எண்ண வேண்டாம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யை நம் தோல் தயாரிப்பது 'பி' கதிரால்தான். காலை முதல் இரவு வரை பனியன் கம்பெனிக்குள் குழல் விளக்கின் கீழ் தைக்கும் அக்காமார்களுக்கு அது கிட்டுவதில்லை. கண்ணாடி சன்னலோரம் உட்கார்ந்தாலும் பயனில்லை; அந்தக் கண்ணாடி 'பி'-யை அநேகமாக முழுதும் நிறுத்திவிடுகிறது.