வாசலின், வாழைப்பழம், ஒரு பம்ப்

புதுச்சேரி காந்தி சிலைக்கு முன்னால் ஐந்து பேர் பல் தெரியச் சிரிக்கிறோமே, அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு "செம டிரிப்பு போல!" என்று கேட்காத ஆளில்லை. செமதான். ஆனால் அதைவிடச் செம, போட்டோவில் விழாததெல்லாம். கிட்ட வாருங்கள், சொல்கிறேன்.

காலை 4 மணி, திருவான்மியூர். மூடிக் கிடக்கும் டீக்கடை மறைவில் ஐந்து தடிமாடுகள் ஒரே வாசலின் டப்பாவைக் கைமாற்றித் தொடை இடுக்கில் அப்பிக்கொள்கிறோம். 150 கிலோமீட்டருக்கு சைக்கிள் சீட் உரசினால் என்னாகும் என்பது போன முறை தெரிந்த பாடம். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் போட்டு நடந்தால் டயப்பர் கட்டிய குழந்தைகள் கெட்டார்கள்! நல்லவேளை, அந்த நேரத்தில் பார்க்க நாய்கள் மட்டும்தான்.

அவ்வளவு சீக்கிரம் கிளம்பக் காரணம் வீரமல்ல, பயம். மார்ச் மாதத்தில் வெயில் ஏறியதும் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பிவிடும். தெற்கே போகிறவனுக்கு அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற காற்று. அதற்குள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவும் லாபம்.

முட்டுக்காட்டுப் பாலத்தில் விடியவேயில்லை. மாமல்லபுரத்தில் தலைக்கு ஆறு இட்லி. வயலூரில் பாலாற்றைத் தாண்டினோம். பெயருக்குத்தான் ஆறு, கண்ணுக்கு மணல். கடப்பாக்கத்தை நெருங்கும்போது என் பின்சக்கரம் 'புஸ்ஸ்'.

ஆளுக்கு இரண்டு டியூப் இருந்தது. பம்ப்? "நீ எடுத்துட்டு வருவேன்னு நெனச்சேன் மச்சான்." இதையே ஐந்து பேரும் சொன்னோம். பெட்ரோல் பங்க் குழாய் கார் வால்வுக்கானது. எங்கள் ஊசி வால்வில் உட்காரவில்லை. கடைசியில் கீற்றுக் கொட்டகையில் ஒரு சைக்கிள் கடைத் தாத்தா. டயருக்குள் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டி, முடி கனத்தில் ஒரு கம்பியைப் பிடுங்கிக் காட்டினார். லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி. புது டியூப் போட்டு, தன் பழைய பம்பை மாட்டி அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். காற்று ஏறவில்லை.

"தாத்தா, அந்த நுனித் திருகைத் தளர்த்தணும்..."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

காசு வாங்கவில்லை. ஒரு ரவுண்டு கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் குழுவிலேயே விலை உயர்ந்த கார்பன் சைக்கிளில் பறந்து திரும்பியவர், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லுகூட இல்ல. இதுக்கா தம்பி இவ்ளோ காசு?" சைக்கிள்காரன் முகத்தைப் போட்டோ எடுக்காமல் விட்டது என் வாழ்நாள் வருத்தம்.

மரக்காணத்தில் காற்று பிடித்துக்கொண்டது. இரு பக்கமும் உப்பளம். மருந்துக்கும் நிழல் கிடையாது. ஒருவன் முதுகுக்குப் பின் ஒருவனாக ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்ள, இரண்டு நிமிடத்துக்கொரு முறை ஆள் மாற்றி ஓட்டுவதுதான் ஏற்பாடு. 'கணக்குப்பிள்ளை' என்று நாங்கள் கூப்பிடுகிறவனுக்கு மட்டும் முறை வரும்போதெல்லாம் ஷூ லேஸ் அவிழும். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். அதில் பாணர்களுக்கு நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தவை பையில் நசுங்கிய இரண்டு வாழைப்பழங்கள். ஐந்தாகப் பங்கு போட்டோம்.

காந்தி சிலையில் வண்டியைச் சாய்த்ததும் கணக்குப்பிள்ளை அலறினான்: "149.2தான் காட்டுது!" இன்னும் 800 மீட்டருக்காகப் பக்கத்துத் தெருக்களைச் சுற்றக் கிளம்பிவிட்டான். போட்டோ எடுக்க ஒப்புக்கொண்ட சுற்றுலாப் பயணியோ அவசரத்தில் இருந்தார். ஆக, படத்தில் இடது ஓரம் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எல்லாரையும்விட அழகாகச் சிரிப்பவர், சுண்டல் விற்க வந்த அண்ணன்.