வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீர்!

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ சென்று ஹோம் தியேட்டர் வாங்கும் வணிகப் பெருமக்களே! பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். மூட்டையைத் தராசில் போட்ட வேகத்தில் முள் எகிறிக் காட்டுவது எடையாகுமா? பி.எம்.பி.ஓ. வாட்ஸ் அத்தகையதே. முள் நின்றபின் காட்டும் எடை போன்றது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதையே கேட்டு ஒப்பிடுங்கள்.

5.1 என்றால் 5 ஸ்பீக்கர், 1 சப்-ஊஃபர். நடு ஸ்பீக்கரை டி.வி.க்குக் கீழும், இரண்டை அதன் இருபுறமும், மற்ற இரண்டை உட்காருமிடத்தின் பக்கவாட்டில் சற்றுப் பின்னாலும் வையுங்கள். சப்-ஊஃபரை மூலையில் ஒட்டி வைத்தால் கும்மென்ற ஓசை வசனத்தை அமுக்கும். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயர் மாறினாலும் பேஸ் குறையும்.

ரசீதும், கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டையும் பெறாமல் படி இறங்காதீர்கள்!