ரவுட்டரின் நினைவில் இருப்பது

2022 செப்டம்பர் 5, திங்கட்கிழமை. பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதியில் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். முந்தின இரவு கொட்டிய மழையில் பெல்லந்தூரைச் சுற்றியிருந்த அலுவலக வளாகங்கள் வெள்ளக்காடாகியிருந்தன. நகருக்குக் காவிரி நீரை அனுப்பும் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலும் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நின்றன. அவற்றை உலர்த்திப் பழுதுபார்த்து மீண்டும் ஓடவிட்டார்கள்.

அலுவலக ரவுட்டரோ ஸ்விட்ச்சோ நனைந்துபோனால் கதை வேறு. மாற்றுப் பெட்டி கடையில் கிடைக்கும். ஆனால் அதற்கு எதுவும் தெரியாது. எந்த போர்ட் கணக்குப் பிரிவுக்கு, எது கண்காணிப்பு கேமராவுக்கு, கிளை அலுவலகத்துக்கு எந்த வழி, வெளியிலிருந்து யாரை உள்ளே விடக் கூடாது என்பதெல்லாம் பழைய பெட்டிக்குள் சில நூறு வரிகளாக இருந்தவை. பொறியாளர்கள் அதைக் ‘கான்ஃபிக்’ என்கிறார்கள். பல வருடங்களில், பலர் கைபட்டு வளர்ந்த எழுத்து அது.

சிஸ்கோ சாதனங்களில் இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. மின்சாரம் போனால் அழிந்துவிடும். மற்றொன்று நிலையான நினைவகத்தில் இருப்பது. பெட்டி உயிர்பெறும்போது அதைத்தான் படிக்கும். மாற்றம் செய்தவர் சேமிக்க மறந்தால், அடுத்த மின்வெட்டில் அந்த வேலை காணாமல் போகும்.

இரண்டுமே ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மூன்றாவது பிரதி வெளியே வேண்டும். ரான்சிட் என்ற இலவச மென்பொருள் குறித்த நேரத்தில் ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் நுழைந்து கான்ஃபிக்கை எடுத்துவரும். முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும். சென்னையில் வேரூன்றிய ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவும் இதற்கென்றே ஒரு மென்பொருளை விற்கிறது.

பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில், ரவுட்டர் ஒன்றின் கான்ஃபிக்கிலிருந்து ஒரு வடிகட்டும் விதி நீக்கப்பட்டது. வழித்தகவல்கள் கட்டுக்கடங்காமல் பாய்ந்து மைய ரவுட்டர்கள் செயலிழந்தன. 1.2 கோடிக்கும் அதிகமானோருக்குத் தொலைபேசியும் இணையமும் போயின. சாதனங்களை நிர்வகிக்கும் பாதையும் அதே மையத்தை நம்பியிருந்ததால், பொறியாளர்களால் உள்ளே போய்ப் பார்க்கவே முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆனது. நெட்வொர்க் படுத்துவிட்டால், அதன் வழியாக மட்டுமே எட்டக்கூடிய பேக்கப்பும் கைக்கு வராது.

இப்படிப்பட்ட தவறுக்கு ஜூனிபர் சாதனங்களில் ஒரு காப்பு இருக்கிறது. ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கட்டளையோடு மாற்றத்தைப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.

பேக்கப்பைத் திருப்பி ஏற்றும்போதுதான் ஓட்டைகள் தெரியும். புது மாடலில் போர்ட்டுகளின் பெயர் வேறாக இருக்கலாம். பாதுகாப்பான தொலை நுழைவுக்கான சாவிகள் சிஸ்கோவின் கான்ஃபிக் எழுத்தில் வராது. புதிதாக உருவாக்க வேண்டும். சில ஸ்விட்ச்களில், போர்ட்டுகளைப் பிரிவு பிரிவாக வகுக்கும் ‘விலேன்’ பட்டியலே தனிக் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டால் பிரிவுகள் ஒன்றையொன்று எட்டாமல் நிற்கும்.

உதிரி ஸ்விட்ச் ஒன்றை மேசையில் வைத்து, நேற்றிரவுப் பிரதியை ஏற்றிப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். எந்தச் சாவி இல்லை, எந்தக் கோப்பு விடுபட்டது என்பதை மழை வருவதற்கு முன்பே குறித்துவைத்துக்கொள்ளலாம்.