கையில் நாடியே கிடைக்காத நோய்... அக்குபஞ்சர், சீன மூலிகை கைகொடுக்குமா?

நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாய் சுவரைத் தாக்கினால் அதுதான் 'வாஸ்குலைட்டிஸ்'. இதில் பல வகை உண்டு. ஆசியாவில், குறிப்பாக இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது 'டகயாசு'. 1908-ல் ஜப்பான் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு இதைப் பதிவு செய்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்கள் தடித்துச் சுருங்கும். கை சோர்ந்துபோகும், தலைசுற்றும், ரெண்டு கையிலும் பிரஷர் வேறவேறயா காட்டும்.

சித்த வைத்தியரும் சரி, சீன வைத்தியரும் சரி, மணிக்கட்டில் நாடி பார்த்துத்தான் தொடங்குவார்கள். இந்த நோயில் அந்த நாடியே காணாமல் போகலாம்!

வேலூர் சிஎம்சி-யில் இந்த நோய்க்கு நீண்டகால சிகிச்சையும் ஆய்வும் நடக்கிறது. ஆனா திருக்கோகர்ணத்திலிருந்து வேலூர் போக ஒரு ராத்திரிப் பயணம். பக்கத்துத் தெருவில் யாராவது ஊசி குத்தினால் அங்கே போகத்தான் தோணும்.

அக்குபஞ்சரை மத்திய அரசு 2019 பிப்ரவரியில் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதனால் எல்லா நோயும் தீரும்னு அர்த்தம் இல்ல. வலி குறையலாம். ரத்தக்குழாய் வீக்கத்தை நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால், ஊசி போடுபவரிடம் முதலிலேயே சொல்லிடணும்.

மூலிகை கதை வேற. 'இடிக்கடவுள் கொடி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட சீனத் தாவரம் நிஜமாகவே எதிர்ப்பு சக்தியை அடக்கும், முடக்குவாதத்தில் சோதித்திருக்கிறார்கள். ஆனா மாதவிலக்கை நிறுத்தலாம், கல்லீரலைக் கெடுக்கலாம்.

பெரிய பாடம் பெல்ஜியத்தில். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கக் கொடுத்த சீன மருந்தில், பெயர்க் குழப்பத்தால் அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. 100-க்கும் மேற்பட்டோருக்கு சிறுநீரகம் பாதித்தது, பலருக்குப் பிறகு புற்றுநோயும் வந்தது. நம்ம ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். வாஸ்குலைட்டிஸில் பல வகை ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அதைவிட ஆபத்து, 'இனி இங்கிலீஷ் மருந்து வேண்டாம்' என்று ஸ்டீராய்டை டக்குனு நிறுத்துவது. பல வாரம் சாப்பிட்டவர் உடம்பு சொந்தமா அந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்திருக்கும்; திடீர்னு விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கணும்.

மூலிகை எடுத்தே தீருவேன் என்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீங்க. லேபிள் இல்லாத பொடின்னா, பொட்டலத்தையே கையோடு எடுத்துட்டுப் போங்க.