கொரியக் காலை உணவு

கொரியக் காலை உணவு என்பது கொரிய மக்கள் காலையில் உண்ணும் உணவையும் அதைச் சார்ந்த பழக்கங்களையும் குறிக்கும். நம் இட்லி, தோசையைப் போலக் காலைக்கென்று தனியான பலகார வகை கொரிய மரபில் இல்லை. மதியமும் இரவும் உண்ணும் சோறு, சூப், கிம்ச்சி, தொடுகறிகள் ஆகியவையே காலையிலும் பரிமாறப்பட்டன. கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தென் கொரியாவில் இந்த வழக்கம் பெரிதும் மாறி வருகிறது.

சொற்பொருள்

கொரிய மொழியில் 'அச்சிம்' என்ற சொல் காலைப் பொழுதையும் காலை உணவையும் குறிக்கும். 'பாப்' என்றால் சோறு. பொதுவாக எந்த வேளை உணவுக்கும் 'பாப்' என்றே சொல்வர். காலை உணவின் மற்றொரு பெயரான 'அச்சிம்பாப்' என்பதன் நேர்ப்பொருள் 'காலைச் சோறு' என்பதாகும்.

மரபு வழிக் காலை உணவு

ஜோசன் அரச மரபின் காலத்தில் (1392–1897) காலை, மாலை ஆகிய இரண்டு வேளை உணவுகளே முதன்மையானவை. பகலில் உண்பது சிற்றுணவாகவே கருதப்பட்டது. பகல் முழுவதும் வயலில் உழைப்பவர்களுக்குக் காலையில் வயிறு நிறைய உண்பது தேவையாக இருந்தது.

மரபான காலை உணவில் கீழ்க்கண்டவை இடம்பெறும்:

- சோறு: வெள்ளரிசிச் சோறு அல்லது பார்லி, தினை, பயறு கலந்த சோறு. ஏழைக் குடும்பங்களில் பார்லியே மிகுதி.
- சூப்: 'துவென்ஜாங்' எனப்படும் புளித்த சோயா விழுதில் கீரையோ முள்ளங்கியோ சேர்த்துக் கொதிக்க வைத்தது.
- கிம்ச்சி: உப்பும் காரமும் சேர்த்துப் புளிக்க வைத்த முட்டைக்கோசு அல்லது முள்ளங்கி.
- தொடுகறிகள்: வதக்கிய கீரை, சுட்ட மீன், கடற்பாசித் தாள் போன்றவை.

குளிர்காலத்தில் இந்த முறைக்கு இன்னொரு பயனும் இருந்தது. பழைய கொரிய வீடுகளில் சமையலறை அடுப்பின் வெப்பமும் புகையும் அறையின் தரைக்கு அடியில் உள்ள வழிகளில் சென்று தரையைச் சூடாக்கும். இதற்கு 'ஒந்தோல்' என்று பெயர். சோறு வெந்ததும் இரும்புப் பானையின் அடியில் பிடித்த தீய்ந்த சோற்றையும் வீணாக்காமல், வெந்நீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் கடைசியில் குடிப்பர். விடியும் முன் எழுந்து இவ்வளவையும் செய்தவர்கள் வீட்டுப் பெண்களே.

மாற்றத்தின் காரணங்கள்

கொரியப் போருக்குப் (1950–1953) பின் அமெரிக்க உதவியாகக் கோதுமை பெருமளவில் வந்தது. அரிசித் தட்டுப்பாடு நீடித்ததால், 1960களிலும் 1970களிலும் அரிசியைக் குறைத்துப் பிற தானியங்களையும் கோதுமை மாவையும் உண்ணுமாறு அரசு இயக்கம் நடத்தியது. புதன், சனிக் கிழமைகளில் பகல் நேரத்தில் உணவகங்கள் அரிசி உணவு விற்கக் கூடாது என 1969இல் விதி வந்தது. சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று பள்ளிகளில் மாணவர்களின் உணவுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். 1970களில் 'தோங்கில்' என்ற உயர்விளைச்சல் நெல் பரவிய பின்னரே தட்டுப்பாடு நீங்கியது.

ஆனால் அரிசி போதிய அளவு கிடைக்கத் தொடங்கிய காலத்தில் வாழ்க்கை முறை மாறிவிட்டது. மக்கள் நகரங்களில் குடியேறினர். பெண்களும் வேலைக்குச் சென்றனர். தொலைதூரப் பயணமும் பள்ளி நேரமும் காலைப் பொழுதைச் சுருக்கின. இன்று தென் கொரியக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகள். ஒருவருக்காகச் சூப்பும் தொடுகறிகளும் சமைப்பது அரிதாகிவிட்டது.

இன்றைய பழக்கங்கள்

ரொட்டி, பால், தானியச் செதில்கள், காப்பி ஆகியவை இன்று பரவலாக உண்ணப்படுகின்றன. அவசரமாகச் செல்வோர் கடைகளில் கடற்பாசித் தாள் சுற்றிய முக்கோணச் சோற்று உருண்டையை வாங்கிக்கொள்வர். தெருவோரக் கடைகளில் முட்டையும் நறுக்கிய முட்டைக்கோசும் சேர்த்துப் பொரித்து, சர்க்கரை தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவர். வறுத்த தானிய மாவைப் பாலில் கரைத்துக் குடிப்போரும் உண்டு. காலையில் எதுவும் உண்ணாதோர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இவர்களில் இளைஞர்களே மிகுதி.

சிறப்பு நாள்களில் மரபு தொடர்கிறது. பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் உண்பர். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் சூப் இதுவே என்பதால், அன்று தாயை நினைப்பதும் வழக்கம். சந்திரப் புத்தாண்டுக் காலையில் அரிசி மாவுத் துண்டுகள் இட்ட சூப்பை உண்டால் ஒரு வயது கூடுகிறது என்பது நம்பிக்கை.

ஆயிரம் வோன் காலை உணவு

ஓர் ஆள் ஓராண்டில் உண்ணும் அரிசி 1970இல் சுமார் 136 கிலோவாக இருந்தது. 2023இல் அது சுமார் 56 கிலோவாகக் குறைந்தது. விளைந்த நெல் தேங்கியதால் விலை விழுந்து உழவர்கள் பாதிக்கப்பட்டனர். இதனால் வேளாண் அமைச்சகம் 2017இல் 'ஆயிரம் வோன் காலைச் சோறு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதில் பல்கலைக்கழக மாணவர் 1,000 வோன் மட்டும் கொடுத்து முழு உணவைப் பெறலாம். மீதிச் செலவை அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கின்றன. விலைவாசி உயர்வால் காலை உணவைத் தவிர்த்து வந்த மாணவர்கள் பல வளாகங்களில் இதற்காக வரிசையில் நிற்கின்றனர்.

தாத்தா பாட்டியின் உணவுப் பெட்டியில் அரிசியைக் குறைக்கச் சொன்ன அரசு, பேரப்பிள்ளைகள் அரிசி உண்பதற்கு இன்று பணம் கொடுக்கிறது. ஒரு நாட்டின் காலை உணவை நாவின் சுவை மட்டும் தீர்மானிப்பதில்லை. வயல், வேலை நேரம், வீட்டின் அமைப்பு, அரசின் கொள்கை ஆகியவையும் தீர்மானிக்கின்றன என்பதற்குக் கொரியா தெளிவான சான்றாகும்.