வெள்ளிக் கிண்ணத்தில் நாளுக்கொரு வசனம்

ஜெர்மனியின் கிழக்கு மூலையில், செக் எல்லைக்குப் பக்கத்தில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர். அங்கே ஆண்டுக்கொருமுறை ஒரு வெள்ளிக் கிண்ணத்தைச் சுற்றிச் சிலர் கூடுகிறார்கள். கிண்ணம் நிறைய எண்ணிட்ட சீட்டுகள். ஒவ்வோர் எண்ணுக்கும் பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்று. ஒருவர் எடுக்க, இன்னொருவர் குறித்துக்கொள்ள, ஓராண்டின் அத்தனை நாளுக்கும் வசனம் முடிவாகிவிடுகிறது. அதுவும் மூன்றாண்டு முன்கூட்டியே. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நூலாக வர வேண்டுமே!

மொராவியாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தன் நிலத்தில் இடம் கொடுக்க, 1722-ல் உருவான குடியிருப்பு இது. 1728 மே 3 அன்று மாலைக் கூட்டத்தில், மறுநாள் மனதில் வைத்துக்கொள்ள ஒரு வாக்கை அவர் சொல்லி அனுப்பினார். பிறகு தினமும் வீடு வீடாகப் போய் அன்றைய வாக்கைச் சொல்வது வழக்கமாயிற்று. 1731-ஆம் ஆண்டுக்கு அச்சு நூலே வந்துவிட்டது.

அந்தக் காலத்து மொராவியர் கல்யாணத்துக்கும் சீட்டு எடுத்தார்கள். 'ஆம்' ஒன்று, 'இல்லை' ஒன்று, எதுவும் எழுதாத வெற்றுச் சீட்டு ஒன்று. வெற்றுச் சீட்டு வந்தால் இப்போதைக்குப் பொறு என்று அர்த்தம். நம் ஊர்த் திருவுளச்சீட்டேதான். சபையாரிடையே எதிர்ப்பு வலுக்கவே, 19-ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சீட்டைக் கைவிட்டார்கள். வசனச் சீட்டு மட்டும் தங்கிவிட்டது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கல்யாணச் சீட்டு முடிவையே தலையில் கட்டியது. வசனமோ, யோசிக்க ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் இருந்தார். ஐரோப்பாவில் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. நண்பர்கள் அமெரிக்காவிலேயே வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். தங்கிவிட்டால் உயிர் பிழைக்கலாம். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. ஹெர்ன்ஹூட் வசனங்களைப் படிப்பதும், மனதில் தைத்ததை நாட்குறிப்பில் எழுதுவதுமாக இருந்தார். ஜூன் 20 அன்று வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஏன் என்று தனக்கே முழுதாக விளங்கவில்லை என்றும் எழுதிவைத்தார். ஆறு நாள் கழித்துத் தற்செயலாகக் கண்ணில் பட்டது 2 தீமோத்தேயு 4:21. குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும் இடம். வெறும் பயணச் செய்திதான். ஆனாலும் அது அன்று முழுக்க அவரை விடவில்லை. ஜூலையில் ஜெர்மனிக்குத் திரும்பக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய முடிவு வசனத்துக்கு முந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்த முடிவோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பவுலின் குரல் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றிலும் இதுபோல ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தன் அட்டையைப் படித்த கையோடு, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்பதும் நடக்கும். செழிப்பைப் பேசும் வசனம் என்றால் முகம் மலரும். கண்டித்துப் பேசும் வசனம் அந்த அட்டைக்கட்டில் அநேகமாக இருக்கவே இருக்காது.

முன்பின் பார்க்காமல் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுப்பது சரியா என்ற கேள்வி பழையது. ஹெர்ன்ஹூட்டில் அதற்கு ஓரளவு வழி செய்திருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தோடு அச்சாகும் புதிய ஏற்பாட்டு வசனம் சீட்டில் வருவதில்லை. பொருத்தம் பார்த்துத் தேடியெடுக்கிறார்கள். கூடவே, அந்தந்த நாளில் வேதாகமத்தில் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டிய பகுதிகளையும் நூல் குறித்துக் கொடுக்கிறது.